முகாமுக்கு முன் மூன்று செங்கல் அடுப்பு

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

பரீட்சை முடிந்ததும் ஏற்காட்டு முகாமுக்குப் போகும் பிள்ளைகளுக்காக, "சின்னதா ஒரு சமையல் செட் கொடுங்க" என்று பலர் கேட்டு வருகிறீர்கள். போன வருடம் அப்படிக் கேட்ட ஒருவருக்கு நான்ஸ்டிக் சட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டோம். கைப்பிடி கருகி, பூச்சு உரிந்து திரும்பி வந்தது. தப்பு எங்களுடையதுதான். அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரிக்கு மேல் தாங்காது. விறகுத் தீ அதைச் சுலபமாகத் தாண்டும். காசைத் திருப்பிக் கொடுத்தோம்.

இனி முகாமுக்கென்று கேட்டால் அடி கனமான இண்டாலியக் குண்டான், மூடி, இடுக்கி, நீளக் கரண்டி, அவ்வளவுதான் தருவோம். மிச்சம் வீட்டில் பழக வேண்டியது. நாமெல்லாம் கூட்டாஞ்சோறு ஆக்கித் தீயைப் பழகியவர்கள். இன்றைய பிள்ளைக்கு அடுப்பு என்றால் லைட்டரைத் தட்டினால் எரிவது.

முதல் நாள் சமையலே வேண்டாம், தீ மட்டும். கொல்லையில் மூன்று செங்கல், காய்ந்த பனையோலை, மேலே பென்சில் கனத்தில் சுள்ளி, அது பிடித்த பிறகு சவுக்கு மிளார். பெரிய கட்டையை வைத்து மண்ணெண்ணெய் ஊற்றும் குறுக்கு வழியை மட்டும் பிள்ளைகள் கண்ணில் காட்டாதீர்கள். அரளிக் குச்சி விஷம். எரிக்கவும் கூடாது, கிண்டவும் கூடாது. ஆற்றில் கிடந்த ஈரக்கல்லை அடுப்புக்கு வைத்தால் சூட்டில் வெடிக்கலாம். துப்பட்டா, நைலான் சட்டை வேண்டாம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

கடலூரில் மதியத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும் என்பதால் காலையில் தொடங்குங்கள். கை பழகியதும் ஒரு நாள் வேண்டுமென்றே சாயங்காலம் மூட்டச் சொல்லுங்கள். காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி உட்கார வேண்டும் என்று புகையே கற்றுக்கொடுத்துவிடும்.

சரி, சோறு. கஞ்சி வடிக்கும் நேரத்தில்தான் கை வெந்துபோகும்; அதனால் வடிக்காத சோறோ பொங்கலோ பழக்குங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், அரிசி வேகக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கும். இங்கே பழகிய கணக்கில் இறக்கினால் அரைவேக்காடுதான். குண்டானின் வெளிப்பக்கம் சாம்பலைக் குழைத்துப் பூசி ஏற்றினால் கரி தேய்க்கும்போது சுலபமாகப் போய்விடும். இதை உங்கள் வீட்டுப் பாட்டி எங்களைவிட நன்றாகச் சொல்வார்கள்.

முடிந்ததும் தணலை மணல் போட்டு மூடிவிட்டு வரக்கூடாது. மணலுக்கடியில் பல மணி நேரம் கனன்று, வெறுங்காலோடு வருபவரைச் சுடும். தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்ற வேண்டும். சுட்டுக்கொண்டால் 20 நிமிடம் ஓடும் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசை, இங்க் எதுவும் பூசாதீர்கள். கூடாரத்துக்குள் அடுப்பு மூட்டவே கூடாது. காப்புக்காட்டுக்குள் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம்.

பழகிப் பார்க்க ஒரு பழைய குண்டானைக் கடையில் ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஒரு வாரம் எடுத்துப் போகலாம், வாடகை கிடையாது. கரியோடு கொண்டுவந்தாலும் வாங்கிக்கொள்வோம்.

இப்படிக்கு,
உங்கள் பாத்திரக் கடை,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.