ராமநாதபுரம் கரைக்கு டீசல் கம்பெனி கார்: லீஸில் கையெழுத்துப் போடும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். லீஸ் முடியும் கம்பெனி காருக்குப் பதிலாக எந்த டீசல் கிராஸ்ஓவரை எடுக்கலாம் என்று தங்கள் வாகனப் பக்கத்தில் வந்த யோசனைகள் சென்னைக்கும் கோவைக்கும் சரியாக இருக்கும். தொண்டி முதல் சாயல்குடி வரை, ராமேசுவரம் தீவையும் சேர்த்து, உப்புக்காற்றிலேயே ஓடும் வண்டிக்கு அவற்றில் பாதி பொருந்தாது. இறால், நண்டு ஏற்றுமதி நிறுவனங்களும் உப்பளங்களும் சோலார் நிலையங்களும் அதிகாரிகளுக்கு லீஸ் கார் கொடுக்கின்றன. வண்டியைத் தேர்வு செய்வது சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் நிர்வாகப் பிரிவு. அவர்கள் பார்ப்பது திரையின் அளவையும் சன்ரூஃபையும். இங்கே பார்க்க வேண்டியது வண்டியின் அடிவயிற்றை.

முதலில் சந்தையில் மிச்சம் இருப்பது என்ன? 2020 ஏப்ரலில் பிஎஸ்6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபோது மாருதி, ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா, ரெனோ எல்லாம் டீசலைக் கைவிட்டன. 2021-ல் ஃபோர்டு இந்தியாவில் கார் தயாரிப்பையே நிறுத்துவதாக அறிவித்தது. ஆகவே பழைய ரெனோ டஸ்டரையோ ஃபோர்டு ஈகோஸ்போர்ட்டையோ திருப்பிக் கொடுப்பவருக்கு அதே கம்பெனியில் அதே மாதிரி டீசல் கிடைக்காது. நான்கு மீட்டருக்குள் என்றால் டாடா நெக்ஸான், மஹிந்திரா எக்ஸ்யூவி 3எக்ஸ்ஓ, ஹூண்டாய் வென்யூ, கியா சோனெட், சைரோஸ். எல்லாமே 1.5 லிட்டர் டீசல். அதற்கு மேலே க்ரெட்டா, செல்டாஸ், கர்வ். இன்னும் மேலே போனால் ஹேரியர், காம்பஸ் போன்ற இரண்டு லிட்டர் வண்டிகளும் மஹிந்திராவின் 2.2 லிட்டர் வண்டிகளும்.

லீஸில் எடுப்பவருக்கு இந்த நீளக்கணக்கு வெறும் பார்க்கிங் விஷயம் அல்ல. 2025 செப்டம்பர் 22 முதல், 1,500 சிசிக்கும் 4,000 மில்லிமீட்டருக்கும் உட்பட்ட டீசல் காருக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். அதைத் தாண்டினால் 40. கார் வாடகை ரசீதிலும் அந்தக் காருக்குரிய விகிதமே ஏறும். வரிக்கு முந்தைய மாத வாடகை 25,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். நெக்ஸான் வகைக்கு வரி 4,500, க்ரெட்டா வகைக்கு 10,000. 48 மாதத்தில் வித்தியாசம் 2,64,000 ரூபாய். அதிகாரிகள் ஓட்டும் காருக்கு நிறுவனத்தால் உள்ளீட்டு வரி வரவும் (கட்டிய ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழிப்பது) எடுக்க முடியாது; அவ்வளவும் செலவுக் கணக்கில்தான் போகும். பெரிய வண்டிக்கான வாடகையே கூடுதல் என்பது தனி.

ஊழியரின் வருமான வரிக்கு வேறொரு கோடு இருக்கிறது, அது 1.6 லிட்டர். சொந்த உபயோகமும் அலுவலக உபயோகமும் கலந்த காருக்கு, செலவை நிறுவனமே ஏற்றால், சம்பளத்தோடு சேர்த்து வரி போடும் சலுகை மதிப்பு பல ஆண்டுகளாக மாதம் 1,800, அதற்கு மேற்பட்ட இன்ஜினுக்கு 2,400, டிரைவருக்கு 900 என்று இருந்தது. நடப்பு ஆண்டுத் தொகையைக் கணக்குப் பிரிவிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டு சாலை வரியிலும் ஒரு படி இருக்கிறது. 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை மதிப்புள்ள காருக்கு 13 சதவீதம், அதற்கு மேல் 20 லட்சம் வரை 18. 9.95 லட்சத்துக்கு 1,29,350 ரூபாய், 10.05 லட்சத்துக்கு 1,80,900. பத்தாயிரம் ரூபாய் துணைப்பொருளுக்காக அரை லட்சம் வரி கட்டுவது நடந்துகொண்டுதான் இருக்கிறது. லீஸ் கம்பெனி வேறு மாநிலத்தில் பதிவு செய்த வண்டியை மலிவாகக் காட்டினால் மயங்க வேண்டாம். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓடினால் நம் மாவட்டத்து டிஎன் 65 எண்ணுக்கு மாற்ற வேண்டும், வரியும் கட்ட வேண்டும்.

இனி, டீசல் தேவையா என்ற கேள்வி. டீசல் லிட்டர் 93, பெட்ரோல் 101 என்றும், டீசல் 18, பெட்ரோல் 14 கிலோமீட்டர் கொடுக்கும் என்றும் வைத்தால் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் மிச்சம். டீசலுக்காக மாத வாடகை மூவாயிரம் கூடினால், மாதம் 1,500 கிலோமீட்டர் ஓடினால்தான் சமன் ஆகும். தூத்துக்குடிக்கும் மதுரைக்கும் வாரம் இரண்டு முறை போய்வருபவர் இதை எளிதாகத் தாண்டுவார். ராமேசுவரம் தீவுக்குள்ளேயே கோயில், தங்கச்சிமடம், பாம்பன் என்று சுற்றுபவருக்குப் பெட்ரோலே போதும். காசு மட்டும் காரணம் இல்லை. டீசலின் புகைக்கரி வடிகட்டி அப்படிப்பட்ட ஓட்டத்தைத் தாங்காது.

அந்த வடிகட்டியைத்தான் டிபிஎஃப் என்கிறோம். சைலன்சர் பாதையில் கரியைப் பிடித்து வைக்கும். நிறைந்ததும் ஏறக்குறைய 600 டிகிரி வெப்பத்தில் தானே எரித்துக்கொள்ளும். அதற்கு 60 கிலோமீட்டருக்குக் குறையாத சீரான வேகத்தில் பதினைந்து இருபது நிமிடம் ஓட்டம் வேண்டும். ராமநாதபுரத்திலிருந்து மண்டபம் வரையிலான நெடுஞ்சாலை இதற்குப் போதுமானது. கெடுவது எங்கே என்றால், மீன் இறங்குதளத்தில் ஏலம் முடியும் வரை ஏசியைப் போட்டுக்கொண்டு வண்டியை நிறுத்திய நிலையில் ஓடவிடும் பழக்கத்தில். இன்ஜின் ஓடும், புகைக்குழாய் சூடாகாது, கரி மட்டும் சேரும். பாதி எரியும்போது சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தால், எரிப்பதற்காகப் பீய்ச்சிய டீசலில் ஒரு பகுதி சிலிண்டர் சுவர் வழியாக ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் குறையாமல் ஏறினால் சந்தோஷப்படாதீர்கள், அது டீசல். ஐடிலிங் வேகம் சற்றே கூடி, நிறுத்திய பிறகும் ஃபேன் சத்தம் போட்டுக்கொண்டிருந்தால் எரிப்பு நடக்கிறது என்று பொருள். இன்னும் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தலாம். அந்தச் சமயத்தில் காய்ந்த புல்லின் மேலோ பனையோலைச் சருகின் மேலோ நிறுத்தவே கூடாது. ஆயிலும் சாம்பல் குறைவான, கையேட்டில் சொன்ன தரமாக இருக்க வேண்டும். பஸ்ஸுக்கு ஊற்றும் ஆயிலை ஊற்றினால் வடிகட்டியில் சாம்பல் அடைக்கும். கரி எரியும், சாம்பல் எரியாது.

தேர்வு செய்யும் வண்டியில் புகையைச் சுத்தம் செய்வதற்கான யூரியா கரைசல் தொட்டி உண்டா என்று கேளுங்கள். அது 32.5 சதவீத யூரியாவும் தூய நீரும் கலந்தது. 25 டிகிரியில் வைத்தால் 18 மாதம், 30-ல் 12 மாதம், 35-ல் ஆறே மாதம்தான் தாங்கும். சித்திரை வெயிலில் கடை வாசலில் அடுக்கிய கேனை வாங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குங்கள். பதினெட்டு மாதம் என்று கேனில் அச்சிட்டிருப்பது குளிர்ந்த கிடங்குக்கான கணக்கு. குறைகிறதே என்று போர் தண்ணீரையோ வயலுக்கு வாங்கிய யூரியாவையோ கலந்தால் தெளிப்பானும் வினையூக்கியும் போய்விடும். டேங்கில் யூரியா தீர்ந்துபோனால் வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் நின்றுவிடும்.

எரிபொருளைப் பற்றி ஒரு வரி. படகுக்கென்று வரிவிலக்கில் கொடுக்கும் டீசலைக் காருக்கு ஊற்றுவது சட்டப்படி தப்பு. டிரம்மில் கிடந்த டீசலில் தண்ணீரும் இருக்கும். டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சும் காமன்ரெயில் இன்ஜெக்டர் 1,600 பார் (அழுத்த அளவு) என்பதற்கும் மேற்பட்ட அழுத்தத்தில் வேலை செய்வது. ஒரு மூடித் தண்ணீர் போதும், நான்கையும் மாற்ற வேண்டி வரும். தவறான எரிபொருளால் வந்த சேதத்தை எந்த லீஸ் பராமரிப்பும் ஏற்காது.

இப்போது உப்பு. மழை இல்லாத மாதங்களிலும் துரு நிற்காததற்குக் காரணம், கடல் உப்பில் இருக்கும் மெக்னீசியம் குளோரைடு. காற்றில் ஈரப்பதம் மூன்றில் ஒரு பங்கு இருந்தாலே அது ஈரத்தை இழுத்து நீர்த்துவிடும். வாலிநோக்கம் உப்பளத்தில் மூட்டை தானே கசிவதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்தக் கரையில் வண்டியின் அடிப்பகுதி ஒருநாளும் முழுதாகக் காய்வதில்லை. தகடு ஓரளவு தாங்கும், ஏனென்றால் இன்றைய பாடி ஷெல்கள் பெரும்பாலும் துத்தநாகப் பூச்சோடும் மின்சாரத்தால் படியவைத்த பெயின்ட்டோடும் வருகின்றன. முதலில் போவது பிரேக் குழாய் கிளிப்புகள், சைலன்சர் ஃபிளாஞ்ச் போல்ட், பின் அச்சுத் தாங்கிகள், எர்த் வயர் முனைகள், ஏபிஎஸ் சென்சார் கனெக்டர், ஏசி கண்டென்சர். கண்டென்சர் அலுமினியத்தாலானது, பம்பருக்குப் பின்னால் உப்புத் தூசியை நேராக வாங்கிக்கொண்டு பொடிந்து, கேஸ் கசியும். ஆனி, ஆடிக் கச்சான் காற்றில் மணலும் சேர்ந்து வந்து பூச்சை உரித்துவிடும். டெஸ்ட் டிரைவின்போது வண்டியை ராம்ப்பில் ஏற்றச் சொல்லி, பிரேக் குழாய்க்குப் பிளாஸ்டிக் உறை இருக்கிறதா, கண்டென்சருக்கு முன்னால் வலை வைக்க இடம் உண்டா, ஸ்டெப்னி வெளியே தொங்குகிறதா என்று பாருங்கள். வெளியே தொங்கும் ஸ்டெப்னியின் கம்பி இங்கே இரண்டு வருடத்தில் இறுகிவிடும், பஞ்சர் ஆன ராத்திரியில்தான் அது தெரியும். சன்ரூஃப் வேண்டாம்; அதன் வடிகால் குழாயை மணல் அடைத்தால் மழைத்தண்ணீர் காலடியில் உள்ள வயரிங்கில் இறங்கும்.

அண்டர்பாடி கோட்டிங் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். ரப்பர் கோட்டிங்கை அவசரத்தில் அடித்து, வாசல்படிக்கு அடியில் உள்ள வடிகால் ஓட்டைகளையும் சேர்த்து மூடிவிடுகிறார்கள். உள்ளே போன உப்புத்தண்ணீர் வெளியே வராமல் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே கறுப்பாகப் பளபளக்கும், கீறிப் பார்த்தால் தகடு இருக்காது. மெழுகு வகைப் பூச்சைக் குழிகளுக்குள் செலுத்துவதும், ஓட்டைகளைத் திறந்து விடுவதும்தான் முறை. வண்டி லீஸ் கம்பெனியின் பெயரில் இருப்பதால் அவர்களிடம் எழுத்தில் அனுமதியும், உற்பத்தியாளரின் துரு வாரன்டி போகாது என்ற உறுதியும் வாங்கிய பிறகே செய்ய வேண்டும்.

கழுவும் தண்ணீரையும் கவனியுங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் பல ஊர்களில் உவர்ப்பு. அதில் தினமும் கழுவுவது உப்பைத் துடைத்துவிட்டு உப்பைப் பூசுவது. முதல் அலசலுக்கு அது போதும், கடைசியாக அடிப்பகுதிக்கு மட்டும் பத்து லிட்டர் நல்ல தண்ணீரை ஸ்பிரேயரில் அடித்தால் நல்லது. குடிநீருக்கே லாரி வரும் ஊரில் அதற்கு மேல் கேட்பது நியாயமில்லை. அரிச்சல்முனை போய்வந்த அன்றே இதைச் செய்துவிட வேண்டும். 2017-ல் திறந்த அந்தச் சாலையில் காற்று வீசும் நாளில் கடல்நீரே தெறிக்கும். டிக்கியில் ஐஸ் பெட்டி வைப்பவர்கள் அடியில் விளிம்புள்ள தட்டு போடட்டும். உருகிய மீன்தண்ணீர் ஸ்டெப்னிக் குழியில் நின்றால் வாசனை மட்டுமா, அங்கே உள்ள எர்த் முனையும் அரித்துப்போய் பின்விளக்கு விட்டுவிட்டு எரியும். நான்கு நாள் நிறுத்துவதானால் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பிரேக் டிரம்மில் ஷூ ஒட்டிக்கொள்ளாது.

கடைசியாக ஒப்பந்தம். பெரும்பாலான லீஸ் படிவங்களில் 'நியாயமான தேய்மானம்' என்ற வரியில் கீறல், கல் தெறிப்பு எல்லாம் இருக்கும். துரு பெரும்பாலும் இருக்காது. அடிப்பகுதி மேல்துரு, டிஸ்க் விளிம்புத் துரு, அலாய் வீல் புள்ளிகள் மூன்றையும் பெயர் சொல்லி அதில் சேர்க்கச் சொல்லுங்கள். டெலிவரி அன்று ராம்ப்பில் ஏற்றி அடிப்பகுதியைத் தேதியோடு படம் எடுத்து இரு தரப்பும் வைத்துக்கொள்ளுங்கள். திருப்பிக் கொடுக்கும் சோதனை ராமநாதபுரத்திலேயே நடக்க வேண்டும் என்றும் எழுதுங்கள். சென்னை யார்டில் தனியாக வைத்து எழுதும் அறிக்கைக்கு இங்கிருந்து பதில் சொல்ல முடியாது. டிபிஎஃப் சுத்தம், யூரியா, டயர், பேட்டரி யார் கணக்கு என்பதும், ஆண்டுக் கிலோமீட்டர் வரம்பை ஒவ்வொரு காருக்கும் தனியாக வைக்காமல் நிறுவனத்தின் எல்லாக் கார்களுக்கும் சேர்த்து வைப்பதும் பேசித் தீர்க்கக்கூடியவை. இன்சூரன்ஸில் தேய்மானம் கழிக்காத பாலிசியோடு இன்ஜின் பாதுகாப்பும் சேர்ந்திருக்கட்டும்; ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தண்ணீரில் ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் தண்ணீர் இழுத்தால் சாதாரண பாலிசி கைகொடுக்காது.

பழைய லீஸ் முடிவதற்கு மூன்று மாதம் முன்பே ஆர்டர் கொடுப்பது நல்லது. கேட்ட வேரியன்ட் வராமல் காலம் நெருங்கினால், கிடைத்த பெரிய வண்டியை எடுக்காமல் பழைய காருக்கு மாத நீட்டிப்பு கேளுங்கள். அந்த நீட்டிப்பு வாடகை எவ்வளவு என்பதை முதல் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
நிறுவன வாகனப் பராமரிப்பில் உள்ள வாசகர்கள்,
ராமநாதபுரம்.