ஆறாவது சிலிண்டர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தென்னாப்பிரிக்கப் படைக்குப் பணம் போதவில்லை, உடனே இரட்டிப்பாக்க வேண்டும் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். 2025 ஜனவரியில் கிழக்குக் காங்கோவின் கோமா நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் நம் வீரர்கள் 14 பேர் இறந்த வேதனையிலிருந்து கட்டுரையாளர் எழுதியிருக்கிறார் என்பது தெரிகிறது. அந்த வாரம் எங்கள் சாட்ஸ்வர்த் தெருவிலும் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ஆனாலும் முப்பது வருடம் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையொன்றில் கணக்கெழுதியவன் நான். பணம் போதவில்லை என்று யார் வந்து நின்றாலும், போன தடவை கொடுத்தது எங்கே என்றுதான் வாய் முதலில் கேட்கும்.

எங்கள் கோயிலில் நடந்ததைச் சொல்கிறேன். காவடித் திருவிழா முடிந்து வருடாந்தரக் கூட்டம். அன்னதானத்துக்கு ஆறு கேஸ் சிலிண்டர் என்று பொருளாளர் வாசித்தார். கோப்பில் ரசீது ஐந்துதான். முன்வரிசையில் இருந்த ஆயா ஒருவர் எழுந்தார். "தம்பி, ஆறாவது சிலிண்டர் எந்த அடுப்புல எரிஞ்சுது?" பொருளாளர் சிரித்தார், வேறு யாரும் சிரிக்கவில்லை. அவர் வெளியே போய்த் தன் காரின் பின்சீட்டைக் குடைந்து, எண்ணெய்க் கறை படிந்த அந்த ரசீதைக் கொண்டுவரும் வரை தேநீர் ஊற்றப்படவில்லை. பொருளாளர் நல்ல மனிதர்தான். அது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது என்பது ஆயாவுக்குத் தெரிந்திருந்தது.

இந்த ஆயாவுக்குச் சமமான இடம், நாடாளுமன்றம் இருக்கும் கேப் டவுனில் உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 199ஆம் பிரிவு, பல கட்சிகளும் சேர்ந்த நாடாளுமன்றக் குழுக்கள் பாதுகாப்புப் படைகளை மேற்பார்வை செய்தே ஆக வேண்டும் என்கிறது. அதற்காகத்தான் பாதுகாப்புக் கூட்டுக்குழு இருக்கிறது. படையைப் பணியில் இறக்கும் அதிகாரம் ஜனாதிபதி ஒருவருக்குத்தான். ஆனால் 201ஆம் பிரிவின்படி ஏன், எங்கே, எத்தனை பேர், எவ்வளவு காலம் என்று அவர் நாடாளுமன்றத்துக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். செலவையும் அந்தக் கடிதத்திலேயே எழுதுகிறார்கள்.

நடப்பது என்ன? கிழக்குக் காங்கோவுக்கு நம் படை போகத் தொடங்கியது 2023 டிசம்பர் 15. கணக்கில் 2,900 பேர், 200 கோடி ராண்டுக்கு மேல். அந்தச் செய்தி நாடாளுமன்றம் வழியாக நமக்கு வந்தது 2024 பிப்ரவரியில். இடையில் கிறிஸ்துமஸ், புத்தாண்டு, தைப்பொங்கல் எல்லாம் முடிந்துவிட்டன. அந்த இரண்டு மாதத்தில் குழு கூடி, இவர்களுக்கு வான்வழிப் பாதுகாப்பு யார் தருவார்கள், காயம்பட்டவர்களை எதில் ஏற்றி வருவீர்கள் என்று கேட்டிருக்கலாம். கோமா நகரம் கிளர்ச்சியாளர்கள் கையில் விழுந்த பிறகு எல்லோரும் கேட்ட கேள்விகள் அவைதான்.

வீரர்களுக்கு விமானம் இல்லாததற்குக் காரணம் ஒதுக்கீடு மட்டும் என்று கட்டுரையாளர் நினைக்கிறார். 1999இல் செய்த ஆயுத பேரத்தை மறந்துவிட்டாரா? சுமார் 3,000 கோடி ராண்ட் என்று சொல்லித் தொடங்கியது அது. நான்கு போர்க்கப்பல், மூன்று நீர்மூழ்கி, கிரிப்பன் போர் விமானங்கள், 24 ஹாக் பயிற்சி விமானங்கள், 30 ஹெலிகாப்டர்கள். வாங்கினோம். 2021 செப்டம்பரில் கிரிப்பன்கள் அத்தனையும் தரையில் உட்கார்ந்தன. தயாரித்த நிறுவனத்தோடு பராமரிப்பு ஒப்பந்தம் இல்லை. ஒப்பந்தம் போட ஒரு வருடம் ஆனது. கார் வாங்கப் பணம் இருந்து, சர்வீஸ் செய்யப் பணம் இல்லாத வீடு மாதிரி. வாங்கும் நாளிலேயே, முப்பது வருடம் இதை ஓட்ட என்ன செலவாகும் என்று கேட்க வேண்டியவர்கள் யார்?

கேட்டவர்களும் இருந்தார்கள். 2000 அக்டோபரில், அரசுச் செலவுகளைச் சரிபார்க்கும் நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு இந்த பேரத்தை முழுதாக விசாரிக்கச் சொன்னது. அதன் தலைவர் எதிர்க்கட்சியைச் சேர்ந்த கேவின் வுட்ஸ். ஆளுங்கட்சிக்குள்ளேயே இருந்து கேள்வி கேட்ட ஆண்ட்ரூ ஃபைன்ஸ்டைனை அடுத்த ஜனவரியில் அந்தக் குழுவின் பொறுப்பிலிருந்து நகர்த்தினார்கள். ஆகஸ்டில் அவர் நாடாளுமன்ற உறுப்பினர் பதவியையே விட்டுவிட்டார். இன்னொரு பக்கம், பாதுகாப்புக் கூட்டுக்குழுவின் தலைவராக இருந்த டோனி யெங்கேனி, தள்ளுபடியில் வாங்கிய மெர்சிடீஸ் காரை நாடாளுமன்றத்துக்குச் சொல்லாமல் மறைத்த வழக்கில் 2003இல் மோசடிக் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டார். நான்கு வருட தண்டனை, சிறையில் இருந்தது சில மாதங்கள். பிறகு அமைத்த விசாரணை ஆணையம் ஊழலுக்கு ஆதாரமில்லை என்றது. அந்த அறிக்கையையும் 2019இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. இருபது வருடம் சுற்றிவிட்டு, தொடங்கின இடத்திலேயே நிற்கிறோம்.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது இந்தப் பழைய ஊழல் அல்ல. 'சிறப்புப் பாதுகாப்புக் கணக்கு' என்று ஒன்று இருக்கிறது. 1974இல், நிறவெறி ஆட்சி தன் ரகசியச் செலவுகளுக்காகச் சட்டம் போட்டு உண்டாக்கியது. அந்த ஆட்சி போய் முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, கணக்கு போகவில்லை. இதன் வழியாக நடக்கும் ரகசியத் திட்டங்களுக்குப் போதுமான சான்றுகளைப் பார்க்க முடியவில்லை என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் பல வருடங்களாக எழுதிவருகிறார். அதனால் பாதுகாப்புத் துறைக்குக் கிடைக்கும் தணிக்கைச் சான்று, 'சரி, ஆனால்...' என்று இழுக்கிற வகை. என் தொழிற்சாலையில் அப்படி ஒரு சான்று வந்திருந்தால் வங்கிக்காரர் மறுநாள் காலை வாசலில் நின்றிருப்பார்.

உளவுக்கும் ஆயுதத்துக்கும் ரகசியம் வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். எல்லாவற்றையும் பத்திரிகையில் போடச் சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு, ரகசியக் காப்பு அனுமதி பெற்ற தணிக்கையாளரும் குழுவின் சில உறுப்பினர்களும் ரசீதைப் பார்க்கட்டும். ஆறாவது சிலிண்டர் எந்த அடுப்பில் எரிந்தது என்பது அவர்களுக்கு மட்டுமாவது தெரியட்டும்.

ஆள் கணக்குக்கு வருகிறேன். வருடத்துக்கு 5,000 கோடி ராண்டுக்கு மேல் ஒதுக்குகிறோம். அதில் நூற்றுக்கு அறுபதுக்கு மேல் சம்பளத்துக்கே போய்விடுகிறது. 40 சம்பளம், 30 நடைமுறைச் செலவு, 30 தளவாடம் என்று அவர்களே வைத்துக்கொண்ட அளவுகோல் காகிதத்தில் இருக்கிறது. கட்டுரையாளர் சொல்கிறபடி இரட்டிப்பாக்கினால், இந்தச் சாய்வு மாறாதவரை கூடுதல் பணமும் அதே பள்ளத்துக்குத்தான் ஓடும். வயதாகிப்போன படையை எப்படிக் கௌரவமாக ஓய்வுக்கு அனுப்புவது என்பதில் குழு வருடாவருடம் கவலை தெரிவிக்கிறது. தேதி போட்டு ஒரு திட்டம் கேட்க வேண்டும். (கவலை தெரிவிப்பது நம் ஊர்த் துக்க வீடுகளில்கூட இலவசம்தான்.)

சொத்து விஷயத்தில் எனக்குச் சொந்த ஞாபகம் உண்டு. டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவு இருக்கிறதே, போர்க் காலத்துக் கடற்படைக் கட்டடங்கள். 1961இல் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய கல்லூரியை அங்கேதான் வைத்தார்கள். நான் 1968இல் சேர்ந்தேன். காலையில் படகில் ஏறி வளைகுடாவைக் கடந்து, கடலோடிகள் படுத்த கூடங்களில் உட்கார்ந்து கணக்கியல் படித்தோம். மழை வந்தால் பேராசிரியரின் குரல் தகரக் கூரையில் போய்விடும். 1972இல் கல்லூரி வெஸ்ட்வில்லுக்கு மாறியது. அதற்குப் பிறகு அதே தீவில் இந்திய இளைஞர்களுக்கு ஒரு கடற்படைப் பயிற்சித் தளம் வந்தது, பெயர் ஜல்சேனா. என் பெரியப்பா மகன் அதில் சேர்ந்தான். ஓட்டுரிமை தராத நாட்டுக்குத் துப்பாக்கி தூக்குவாயா என்று பெரியப்பா அவனோடு இரண்டு வருடம் பேசவில்லை. இன்று அங்கே மறுபடி கடற்படைத் தளம்.

இந்தத் தீவு போன்ற இடங்களை வைத்துக்கொண்டிருப்பது யார்? பயன்படுத்துவது பாதுகாப்புத் துறை. அரசுக் கட்டடங்களுக்குப் பொறுப்பு பொதுப்பணித் துறை. கூரை ஒழுகினால் ஒருவர் மற்றவரைக் காட்டுவார். பிரிட்டோரியாவின் தபா ஷ்வானேயில் உள்ள முதலாம் ராணுவ மருத்துவமனையின் புதுப்பிப்பு 2000களின் நடுவில் தொடங்கி, ஒன்றரைப் பத்தாண்டு கழித்தும் முடியாமல் கிடந்தது. குழு உறுப்பினர்கள் நேரில் போய்ப் பார்த்துக் கோபப்பட்டார்கள். கோபம் போதாது. இரண்டு துறைச் செயலர்களையும் ஒரே மேசையில், ஒரே நாளில் உட்காரவைத்துக் கேட்க வேண்டும். தனித்தனியாகக் கூப்பிட்டால் இருவரும் உண்மையைத்தான் சொல்வார்கள், ஆளுக்குப் பாதி.

சிறு தொகையிலும் கேள்வி பலிக்கும் என்பதற்கு 2020 செப்டம்பர் சாட்சி. அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் விமானப்படை விமானத்தில் ஆளுங்கட்சிக் குழுவை ஜிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேவுக்கு ஏற்றிப்போனார். கேள்வி எழுந்தது, கட்சி 1,05,545 ராண்டைத் திருப்பிக் கட்டியது, அமைச்சரின் மூன்று மாதச் சம்பளத்தை ஜனாதிபதி பிடித்தார். ஒரு விமானப் பயணத்துக்கு இது முடிகிறதென்றால், ஒரு படைப் பயணத்துக்கு ஏன் முடியாது?

குழுவின் கூட்டங்கள் பெரும்பாலும் திறந்தவை, யாரும் எழுத்தில் கேள்வி அனுப்பலாம். சிறப்புக் கணக்கின் தணிக்கை, முழுப் பராமரிப்புக்கு வரிசையில் நிற்கும் கப்பல்கள், மருத்துவமனைப் புதுப்பிப்பு முடியும் தேதி ஆகிய மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி இந்த வாரம் அனுப்புகிறேன். வாசகர்களில் யாராவது கூட ஒரு கையெழுத்துப் போட விரும்பினால் உங்கள் அலுவலகம் வழியாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.

பின்குறிப்பு: கட்டுரையில் கிரிப்பன் 28 என்று போட்டிருக்கிறீர்கள். முதலில் கேட்டது 28. பிறகு குறைத்து, வந்தது 26. திருத்திவிடுங்கள்.