செருப்புக்குள் புகுந்த கல்

ஆசிரியருக்கு வணக்கம்.

இறைநம்பிக்கையும் மனநலமும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வழிபாட்டில் ஊறியவர்களை மனநோய் அண்டாது என்கிற தொனிதான் உறுத்தியது.

என் தங்கைக்கு 22 வயதில் அது தொடங்கியது. பிரார்த்தனையில் ஒரு சொல் தடுமாறினாலும் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பாள். பத்து நிமிடத்தில் முடிய வேண்டியது இரண்டு மணி நேரம் இழுக்கும். கதவுக்கு வெளியே நின்றால் கேட்கும்: அதே இடத்தில் குரல் அறுபடும், ஒரு பெருமூச்சு, திரும்பவும் முதல் வரி. என்ன பக்தி என்று நாங்கள் பூரித்துப்போனோம், வெட்கக்கேடு! "தப்பாச் சொன்னா அம்மாவுக்கு ஏதாவது ஆயிடும்க்கா" என்று ஒருநாள் அவள் உடைந்து அழுதபோதுதான் உறைத்தது.

மருத்துவர் இதை எண்ணச் சுழற்சி நோய் என்றார். ஓசிடி என்றால் பலருக்குப் புரியும்: வேண்டாத எண்ணம் ஒன்று விடாமல் துரத்த, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய். கை கழுவிக்கொண்டே இருப்பது போலத்தான் இதுவும். மதம் சார்ந்து வரும் இந்த வகைக்கு ஆங்கிலத்தில் உள்ள 'ஸ்குருபுலாசிட்டி' (scrupulosity) என்ற பெயர், கூரான சிறு கல்லைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. செருப்புக்குள் கல் புகுந்தால் எப்படி நடப்பது?

மருத்துவர் பிரார்த்தனையை நிறுத்தச் சொல்லவில்லை. மருந்து கொடுத்தார். கூடவே, அவள் மதிக்கும் மதப் பெரியவர் ஒருவரை அழைத்து வரச் சொன்னார். "ஒரே தடவை சொல்லம்மா. தப்பு வந்தா வரட்டும், திருத்தாதே" என்றார் அந்தப் பெரியவர். பிழையை அப்படியே விட்டுவிட்டு, எழும் பதற்றம் தானாக அடங்கும்வரை பொறுத்திருப்பதுதான் இந்நோய்க்கான பயிற்சியே. அதை மருத்துவர் சொன்னபோது நம்பாதவள், பெரியவர் சொன்னபோது நம்பினாள். இப்போதும் தினமும் பிரார்த்திக்கிறாள், பத்து நிமிடம்.

ஆகவே நம்பிக்கையால் பயனில்லை என்று நான் சொல்லவரவில்லை. 2016இல் வெளியான ஆய்வொன்று அமெரிக்காவில் கிட்டத்தட்ட 90 ஆயிரம் பெண் செவிலியர்களின் விவரங்களை அலசியது. வாரந்தோறும் கூட்டு வழிபாட்டுக்குப் போனவர்களிடையே தற்கொலை விகிதம், போகவே போகாதவர்களின் விகிதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. கட்டுரையாளர் விட்டுவிட்ட மறுபக்கமும் உண்டு. மருத்துவமனையில் இருந்த 55 வயதைக் கடந்த நோயாளிகள் 596 பேரை இரண்டாண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2001இல் வந்தது. கடவுள் தன்னைக் கைவிட்டுவிட்டார், தன்மேல் அவருக்கு அன்பில்லை என்று மருகியவர்களுக்கு இறப்பு அபாயம் கூடுதலாக இருந்தது. ஒருவர் மனத்தில் இருக்கும் கடவுள் துணைக்கு வருபவரா, தண்டிக்கக் காத்திருப்பவரா என்பதைக் கேட்காமல் பொத்தாம்பொதுவாக எழுதிவிட முடியாது.

"மாத்திரை சாப்பிட்டால் உனக்கு நம்பிக்கை போதவில்லை என்று அர்த்தம்" என்று இடையில் ஓர் உறவினர் சொல்லப்போய், தங்கை ஆறு மாதம் மருந்தைத் தொடவில்லை. அதுவரை தேறியது அத்தனையும் வீணாகி, மறுபடி அதே இரண்டு மணி நேரம். இந்தப் பேச்சைப் பற்றியும் உங்கள் கட்டுரையாளர் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி