எங்கள் சர்வேயரைத் தாதுக் குவியலுக்குள் விடுங்கள்

நிக்கல் தாது, பாக்சைட், இரும்புத் தாதுத் தூள் ஆகியவற்றைக் கப்பலேற்றும் நிறுவனங்களுக்கும், அதற்காகக் கப்பலை வாடகைக்கு எடுப்போருக்கும்,

வணக்கம்.

திடப்பொருள்களை மூட்டையின்றி மொத்தமாகக் கப்பலேற்றுவதற்கான சர்வதேச ஐ.எம்.எஸ்.பி.சி. விதித்தொகுப்பு 2011 ஜனவரி 1 முதல் கட்டாயம் என்பதை உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் நங்கூரத்தில் நிற்கும் கப்பலுக்கு வரும் சான்றிதழில் ஈரப்பதம், தாண்டினால் தாது ஹோல்டுக்குள் (கப்பலின் சரக்கறைக்குள்) கூழாகிவிடக்கூடிய வரம்புக்குச் சற்றுக் கீழே நிற்கிறது. கரையிலிருந்து பார்ஜில் (தட்டையான சரக்குப் படகில்) வரும் தாதுவிலோ கால் வைத்தால் கணுக்கால்வரை புதைகிறது. சந்தேகப்பட்டு, சரக்கை ஆய்வு செய்யும் எங்கள் சர்வேயரை அனுப்பினால், குவியல் இருக்கும் இடத்தின் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். இந்த மடல் அதனால்தான்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான். கப்பல் தரப்புச் சர்வேயர் குவியலுக்கும் பார்ஜுக்கும் போய்த் தன் கையால் மாதிரி எடுக்க அனுமதியுங்கள். இது சலுகை அல்ல. அந்த வசதியைச் செய்து தருவது சரக்கு அனுப்புபவரின் கடமை என்று விதித்தொகுப்பே சொல்கிறது.

ஈரப்பத மாதிரிக்கும் சரக்கேற்றலுக்கும் இடையே ஏழு நாளுக்கு மேல் போகக் கூடாது. இடையில் மழை பெய்தால் மறுபடி சோதிக்க வேண்டும். மழை வந்தால் நாங்கள் ஹோல்டுகளின் மேலிருக்கும் ஹேட்ச் மூடிகளை இழுத்து மூடிவிடுகிறோம். பக்கத்தில் நிற்கும் பார்ஜுக்குத் தார்ப்பாய்கூட இல்லை. மழை விட்டதும் அதே பார்ஜிலிருந்து கிராப் (கிரேனில் தொங்கும் அள்ளுவாளி) அள்ளிக் கொட்டுகிறது. சேறு தெறித்து ஹோல்டின் சுவரில் அப்புகிறது. காய்ந்த தாது அப்படித் தெறிக்காது. அந்தக் கறையைப் படமெடுத்து அனுப்பினால், பழைய சான்றிதழின் நகலே பதிலாக வருகிறது.

கப்பலில் சரக்கைக் கவனிக்கும் தலைமை அதிகாரியின் கையில் இருப்பது டப்பா சோதனை மட்டும்தான். அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை கொள்ளும் டப்பாவில் பாதி நிரப்பி, சுமார் 20 செ.மீ. உயரத்திலிருந்து கெட்டியான தளத்தில் ஒன்றிரண்டு வினாடிக்கு ஒரு முறையாக 25 தடவை தட்ட வேண்டும். மேலே நீர் கசிந்தாலோ தாது குழைந்தாலோ ஆய்வகச் சோதனை செய்தாக வேண்டும். கசியாவிட்டால் சரக்கு பத்திரமானது என்று அர்த்தமில்லை. களிமண்ணும் கல்லும் கலந்த நிக்கல் தாதுவில் இந்தச் சோதனை எளிதில் ஏமாற்றிவிடும். உங்கள் முகவர்கள் "டப்பா சோதனையில் தேறிவிட்டதே" என்று அதையே அனுமதிச் சீட்டாகக் காட்டுவதை தயவுசெய்து நிறுத்துங்கள்.

இரண்டு ஹோல்டு நிரம்பிய பிறகு ஈரம் தெரியவந்தால் கேப்டனின் நிலையைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். ஏற்றியதைத் திருப்பி எடுக்கக் கரையில் யாரும் முன்வருவதில்லை. அந்தச் சரக்கோடு கடலுக்குப் போகவும் முடியாது. ஏற்றுவதை நிறுத்தினால் வாடகைப் பிடித்தம், தாமதக் கட்டணம், வேறு கேப்டனைப் போடச் சொல்லி உரிமையாளருக்குக் கடிதம் என்று வரிசையாக வருகிறது. சட்டம் கேப்டனுக்குக் கொடுத்திருக்கும் மறுக்கும் உரிமை, நடுக்கடல் நங்கூரத்தில் இப்படித்தான் கரைந்துபோகிறது. குவியலிலேயே மாதிரி எடுத்திருந்தால் இந்த நிலையே வராது.

ஹோல்டுக்குள் என்ன நடக்கும் என்பது உங்களுக்கும் தெரியும். இன்ஜின் அதிர்விலும் அலையாட்டத்திலும் தாது இறுகும். துகள்களுக்கு இடையிலுள்ள நீருக்குப் போக்கிடமில்லாமல் அழுத்தம் ஏறும். துகள்கள் பிடிப்பை இழந்து எல்லாம் கூழாகும். கப்பல் சாயும் பக்கம் அது ஓடும், மறுபக்கம் சாயும்போது முழுதாகத் திரும்பி வராது. சாய்வு கண்ணுக்குத் தெரிந்தபின் படகை இறக்கக்கூட நேரம் இருப்பதில்லை.

2010இல் அக்டோபர் கடைசிக்கும் டிசம்பர் தொடக்கத்துக்கும் இடையே ஜியான் ஃபு ஸ்டார், நாஸ்கோ டைமண்ட், ஹாங் வெய் ஆகிய மூன்று நிக்கல் தாதுக் கப்பல்கள் மூழ்கி 44 பேர் இறந்தார்கள். 2011 டிசம்பரில் வினாலைன்ஸ் குயின் கப்பலின் 23 பேரில் ஒருவர்தான் பிழைத்தார். 2015 ஜனவரி 2 அன்று, மலேசியாவின் குவாந்தானில் பாக்சைட் ஏற்றிய பல்க் ஜூபிடர் வியட்நாமுக்கு அப்பால் மூழ்கியது. 19 பேரில் 18 பேரைக் கடல் கொண்டுபோனது. அப்போதைய விதியில் பாக்சைட்டுக்கான ஈர அளவு 10 சதவீதம்வரை. அந்தக் கப்பலில் இருந்த சரக்கின் சராசரி ஈரம் 21.3 சதவீதம் என்றது விசாரணை அறிக்கை. சரக்கேற்றிய நாட்களில் கனமழை.

இத்தனைக்குப் பிறகும் ஈர பார்ஜையும் காய்ந்த பார்ஜையும் சேர்த்துச் சராசரி போடுகிறீர்கள். ஈரம் சரக்கு முழுவதும் ஒரே சீராக இருந்தால்தான் ஒற்றைச் சராசரிச் சான்றிதழ் செல்லும். இல்லையென்றால் ஒவ்வொரு ஹோல்டுக்கும் தனித்தனியே கணக்குக் காட்ட வேண்டும். கூழாகப் போகும் ஒரு ஹோல்டைப் பக்கத்து ஹோல்டின் காய்ந்த தாது காப்பாற்றாது. அதைச் சொல்லும் அதிகாரியை "ஒத்துழைக்காதவர்" என்று எழுதுகிறீர்கள். அவரும் அந்தக் கப்பலில்தான் போக வேண்டும் ஐயா.

கோபத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேண்டுகோளைத் திரும்பவும் பணிவோடு வைக்கிறோம். கப்பல் வந்து சேரும் முன்பே எங்கள் சர்வேயருக்கு அனுமதிக் கடிதம் கொடுங்கள். குவியலில் ஒரு முறையும், ஒவ்வொரு பார்ஜிலும் ஒரு முறையும் அவர் மாதிரி எடுக்கட்டும். பார்ஜுகளுக்குத் தார்ப்பாய் போடுங்கள். சோதனை முடிவு வரும்வரை கிராப் நிற்கட்டும். அந்த நேரத்தைக் கப்பலின் கணக்கில் எழுதாதீர்கள். அடுத்த வாடகை ஒப்பந்தத்திலேயே இதை ஒரு ஷரத்தாகச் சேர்த்து அனுப்பினால் நன்றியோடு கையெழுத்திடுவோம்.

இப்படிக்கு,
தாதுக் கப்பல்களில் பணிபுரியும் கேப்டன்களும் தலைமை அதிகாரிகளும்