உன் வாசல்படி விருந்தாளிகள்

கண்ணு,

வாசலில் ஊர்கிற இது என்ன, மருந்து அடிக்கலாமா என்று கேட்டு நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கரப்பான் குஞ்சு இல்லை, பயப்படாதே. சாம்பல் நிறம், உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பான முதுகு, வால் பக்கம் இரண்டு சின்னக் கூர்கள். போர்செல்லியோ ஸ்கேபர் என்கிற சின்ன உயிரியாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் உட்லவுஸ் என்பார்கள், மரப்பேன் என்று அர்த்தம், ஆனால் பேனுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. சந்தேகமாக இருந்தால் குச்சியால் லேசாகத் தொட்டுப் பார். பந்தாகச் சுருண்டால் அது அர்மடில்லிடியம், இதன் உறவுக்கார வகை. இது சுருளத் தெரியாதது, ஓடும், இல்லையென்றால் தரையோடு தரையாக அப்பிக்கொள்ளும்.

இது பூச்சியே இல்லை, இறால் நண்டு வகையறா. காலை எண்ணிப் பார், 14 இருக்கும். கடலை விட்டுக் கரையேறி எத்தனையோ காலமாகியும் ஈரத்தை மட்டும் விட முடியவில்லை, ஏனென்றால் பூச்சிகளுக்கு இருக்கிற மெழுகுப் பூச்சு இதன் ஓட்டில் இல்லாததால் உடம்புத் தண்ணீர் சீக்கிரம் வற்றிவிடும். அதனால்தான் பகலெல்லாம் கல்லுக்கடியில், மரப்பட்டைக்குள், தொட்டிக்குக் கீழே, மக்கிய இலைக்குள் ஒன்றோடொன்று நெருக்கியடித்துக் கிடக்கும், இருட்டினால் வெளியே வரும். ஒன்றை மெதுவாகத் திருப்பிப் பார்த்தால் வால் பக்கத்தில் நாலு வெள்ளைப் புள்ளி தெரியும். அதுதான் நுரையீரல், காலிலேயே வைத்திருக்கிறது!

ஒன்று பாதி வெள்ளையாக இருக்கிறது, நோயா என்று கேட்டிருந்தாயே. நோய் இல்லை, சட்டை உரிக்கிறது. முதலில் பின்பாதி, ஓரிரு நாள் கழித்து முன்பாதி.

ஒருமுறை தொட்டியை நகர்த்தும்போது மல்லாந்து விழுந்த ஒன்றை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். வயிற்றில் மெல்லிய பை, அதற்குள் ஊசிமுனை அளவில் வெள்ளை வெள்ளையாக நெளிகிற குஞ்சுகள். முட்டையை எங்கேயோ போட்டுவிட்டுப் போகாமல் பொரிகிற வரைக்கும் வயிற்றிலேயே சுமக்கிறது. குஞ்சுகள் பிறக்கும்போது கால் 12தான், மீதி ஒரு ஜோடி சட்டை உரித்த பிறகுதான் வரும். வேலையை அப்படியே போட்டுவிட்டு அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டேன் போ.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். மருந்து அடிக்காதே. கடிக்காது, நல்ல மரத்தை அரிக்காது, மக்கியதைத்தான் தின்னும். தன் கழிவையும் தின்னும், சீ என்காதே, அதன் ரத்தத்துக்குத் தாமிரம் வேண்டும், அதை வீணாக்க அதற்குக் கட்டாது. இளநாற்றைக் கொஞ்சம் கடிக்கும், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் அறைக்குள் தினமும் வருகிறதென்றால் எங்கேயோ ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். கதவோரத் தொட்டியைத் தள்ளி வை, உள்ளே இருப்பதைக் காகிதத்தில் ஏந்தி இலைக்குப்பையில் விடு. அப்புறம் சிங்குக்குக் கீழே குழாய் மூட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, கை நனைந்ததா என்று எழுது.

அம்மா