வேனில் ஏற்றி இறக்கியதும் மட்டம் மாறும் மைட்டர் ரம்பமும் ஸ்டாண்டும்: ஒருசேரச் சோதித்து மாற்றித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
தச்சு ஃபினிஷிங் வேலை ஒப்பந்ததாரர்
(தங்கள் வாடிக்கையாளர்)

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: 10 அங்குல ஸ்லைடிங் மைட்டர் ரம்பம், அதற்குரிய மடக்கு ஸ்டாண்டு ஆகியவற்றின் குறைபாடு தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். பட்டைகளை வேண்டிய கோணத்தில் வெட்டும், தங்கள் நிறுவனத்தின் 10 அங்குல ஸ்லைடிங் மைட்டர் ரம்பத்தையும், அதற்கென்றே தயாரிக்கப்பட்டதாகத் தாங்கள் விற்கும் சக்கரம் வைத்த மடக்கு ஸ்டாண்டையும் சேர்த்தே வாங்கிப் பயன்படுத்தி வருகிறேன். ரம்பத்தின் மோட்டாரிலோ, பிளேடின் ஓட்டத்திலோ, வெட்டின் வழவழப்பிலோ எனக்கு எந்தக் குறையும் இல்லை. ரம்பத்தை ஸ்டாண்டில் பூட்டி, வேனில் ஏற்றி, வேலை நடக்கும் இடத்தில் இறக்கி நிறுத்தியதும் அதன் மட்டம் மாறிவிடுகிறது என்பதே என் புகார். இதைத் தங்கள் சேவை மையத்தில் முன்பே தெரிவித்திருந்தேன். அவர்கள் ரம்பத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, தங்கள் மேசைமீது வைத்துச் சோதித்துவிட்டு, குறைபாடு எதுவும் இல்லை என்றும், இடம் மாற்றிய பிறகு அளவைச் சரிசெய்துகொள்வது பயன்படுத்துபவரின் பொறுப்பு என்றும் எழுதித் திருப்பித் தந்துவிட்டார்கள். அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. அதற்கான காரணங்களை விவரமாகவே எழுதுகிறேன்.

இடம் மாறியதும் சரிபார்க்க வேண்டியது என் வேலை என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வேலையிலும் முதல் பட்டையை வெட்டும் முன், மூலைமட்டத்தின் ஒரு கையை, பட்டை சாய்ந்து நிற்கும் பின்தடுப்பான ஃபென்ஸிலும் மறு கையைப் பிளேடின் தகட்டிலும், பற்களைத் தொடாமல் இரண்டு பற்களுக்கு நடுவே, சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். பிறகு ஒரு பலகையைக் குறுக்கே வெட்டி, ஒரு துண்டை மட்டும் புரட்டிப் போட்டு, இரண்டு வெட்டு முகங்களையும் முட்ட வைத்துப் பார்க்கிறேன். புரட்டி வைக்கும்போது பிழை இரு மடங்காகத் தெரியும் என்பதால் மூலைமட்டத்துக்குத் தப்பியதும் இதில் அகப்பட்டுவிடும். ஆனால் சரிபார்ப்பதற்கும், சரிபார்த்து இறுக்கிய அளவு அப்படியே நிற்பதற்கும் வேறுபாடு உண்டு. முன்னது என் பொறுப்பு. பின்னது ரம்பத்தையும் ஸ்டாண்டையும் செய்து விற்றவர்களின் பொறுப்பு.

முதல் குறை ஸ்டாண்டின் பிராக்கெட்டுகளில் இருக்கிறது. ரம்பத்தின் அடிப்பீடத்துக்கு நான்கு கால்கள். அவை இரண்டு பிராக்கெட்டுகளின்மேல் அமர்ந்து, நான்கு போல்டுகளால் இறுக்கப்படுகின்றன. நான்கு கால்களும் ஒரே தளத்தில் உட்கார்ந்தால்தான் இறுக்கும்போது பீடம் நேராக நிற்கும். என்னிடம் உள்ள பிராக்கெட்டுகளில் ரம்பத்தைப் போல்டு இல்லாமல் சும்மா வைத்தால் மூன்று கால்கள் மட்டுமே படிகின்றன. முன்புற இடது காலுக்கு அடியில் இடைவெளி அளக்கும் 0.8 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜ் தகடு தடையில்லாமல் நுழைகிறது. போல்டை இறுக்க இறுக்க அந்தக் கால் கீழே இழுபட்டு, அலுமினிய வார்ப்பான பீடமே முறுக்கிக்கொள்கிறது. பீடம் முறுக்கினால், அதன்மேல் உள்ள மேசைக்கும் பிளேடுக்கும் இடையே 90 டிகிரி நிற்காது.

இது என் ஊகமாக இருந்துவிடக் கூடாது என்பதற்காக ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். ரம்பத்தை ஸ்டாண்டிலிருந்து கழற்றித் தட்டையான கல்மேசைமீது வைத்தால் பிளேடு ரம்பத்தின் மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறது. ஸ்டாண்டில் பூட்டினால் சாய்கிறது. அந்த ஒரு காலின் போல்டை மட்டும் தளர்த்தினால், வேறெதையும் தொடாமலேயே, மீண்டும் செங்குத்துக்கு வந்துவிடுகிறது. அடுத்து, இடப்பக்கப் பிராக்கெட்டை வலப்பக்கத்திலும் வலப்பக்கத்தை இடப்பக்கத்திலும் மாற்றிப் பூட்டிப் பார்த்தேன். கால் அடியில் இருந்த இடைவெளியும் கூடவே மறுபக்கத்துக்குப் போனது. ரம்பத்தின் கால்களில் கோளாறு இருந்திருந்தால் இடைவெளி அதே காலில்தான் இருந்திருக்கும். தரை மேடுபள்ளத்தைக் காரணமாகச் சொல்லவும் இடமில்லை. ஸ்டாண்டின் கால்களை ரசமட்டம் வைத்துச் சரிசெய்த பிறகே இவற்றைச் செய்தேன். பிராக்கெட்டைக் கையில் எடுத்து, அதன் மேல்தகட்டின்மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்தால், வெல்டு வைத்த ஓரத்தில் தகடு இழுபட்டு வளைந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது.

இப்போது அந்தக் காலின் அடியில் மெல்லிய தகட்டுத் துண்டு வைத்து வேலையை ஓட்டுகிறேன். வேன் ஓடும் அதிர்வில் அந்தத் தகடும் நழுவிவிடுகிறது. அதுவுமல்லாமல், ரம்பத்துக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே வேறு எதையும் வைக்கக் கூடாது என்று தங்கள் கையேடே சொல்கிறது. அப்படியிருக்க, தகடு வைத்துக்கொள்ளுங்கள் என்று சேவை மையத்தில் வாய்மொழியாகச் சொன்னதை ஒரு தீர்வாக எப்படி எடுத்துக்கொள்வது?

இரண்டாவது குறை ரம்பத்திலேயே உள்ளது. மேசையைத் திருப்பும்போது 0, 15, 22.5, 31.6, 45 டிகிரிகளில் நெம்புகோல் விழுந்து நிற்பதற்காகக் காடிகள் வெட்டிய கோணத் தகட்டை நான்கு திருகாணிகள் பீடத்தோடு பிடித்திருக்கின்றன. தகட்டை நகர்த்திச் சரிசெய்ய வசதியாகத் திருகாணித் துளைகள் நீள்வட்டமாக உள்ளன. அமைப்பில் தவறில்லை, இவ்வகை ரம்பங்களில் இது வழக்கமானதே. ஆனால் துளை நீளமாக இருக்கும்போது தகட்டை நகரவிடாமல் பிடிப்பது திருகாணியின் இறுக்கம் ஒன்றுதான். அந்த நான்கு திருகாணிகளிலும் ஸ்பிரிங் வாஷர் இல்லை. மரைகளில் பிடிப்புப் பசை இருந்த அடையாளமும் இல்லை. அளவு மாறியது தெரிந்து நான் திறந்து பார்த்தபோது இரண்டு திருகாணிகள் அலன் கீயை இரண்டு விரலால் திருப்பிய அளவிலேயே சுழன்றன. ஒவ்வொரு துளையின் ஒரு பக்கத்தில், வாஷர் உராய்ந்து, தகட்டின் கறுப்புப் பூச்சு பிறை வடிவில் தேய்ந்து பளபளவென்று இருந்தது. அந்தப் பிறைகள் யாவும் ஒரே திசையில் இருந்தன. படங்களை இணைத்திருக்கிறேன், தங்கள் பொறியாளர்கள் அவற்றை உற்றுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தகடு சாலை அதிர்வில் சிறிது சிறிதாக நகர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

எடுத்துச் செல்லும் முறையில் குறை இருக்கலாம் என்று சேவை மையத்தில் ஐயம் எழுப்பினார்கள். கையேட்டில் உள்ளபடியே தலைப்பகுதியைக் கீழே அழுத்திப் பின்னைச் செருகி, மேசையை வலக்கோடி வரை திருப்பிப் பூட்டி, ஸ்லைடு குழாய்களை உள்ளே தள்ளிக் குமிழை இறுக்கி, மின்கம்பியைச் சுருட்டிக் கட்டிய பிறகே ரம்பம் வேனில் ஏறுகிறது. வேனில் ஸ்டாண்டு ஆடாதபடி இரு பக்கமும் பட்டை கட்டுகிறேன். பிளேடைக்கூட நீண்ட பயணங்களில் கழற்றித் தனிப் பெட்டியில் வைக்கிறேன். கார்பைடு முனை உடைந்தால் வெட்டில் கீறல் விழும் என்பதால் அது எங்கள் தொழிலில் பலரும் செய்வது.

இந்த இடத்தில் மூன்றாவது குறையையும் சொல்ல வேண்டும். இது ஆபத்தானது. ஸ்லைடு குழாயைப் பிடித்திருக்க வேண்டிய குமிழ், கையால் முடிந்தவரை இறுக்கிய பிறகும் வழுக்குகிறது. குமிழின் முனை வழவழப்பான குழாயின் மேற்பரப்பில் நேரே அழுத்துகிறது. குழாயில் அது பதிந்து நிற்கப் பள்ளம் இல்லை. வேனிலிருந்து ஸ்டாண்டைச் சாய்த்து இறக்கும்போது 27 கிலோ எடையுள்ள ரம்பத்தின் தலைப்பகுதி திடீரென முன்னே ஓடி வருகிறது. எடை இடம் மாறியதும் ஸ்டாண்டைப் பிடித்திருப்பவரின் பிடி தடுமாறுகிறது. என்னுடன் வேலை செய்யும் இளைஞரின் கை குழாய்க்கும் ஃபென்ஸுக்கும் நடுவே நசுங்க இருந்தது, நல்லவேளையாகத் தப்பினார். அன்று முதல் குமிழை நம்பாமல், தலைப்பகுதியைப் பட்டையால் பின்னோக்கி இழுத்துக் கட்டுகிறோம். மற்றக் குறைகளை ஆராயக் காலம் ஆகுமென்றால்கூட, இந்தக் குமிழைப் பற்றி மற்ற வாடிக்கையாளர்களுக்குத் தாமதமின்றி எச்சரிக்கை விடுக்க வேண்டும் என்று வலியுறுத்துகிறேன்.

மாறும் அளவு கால் டிகிரிக்குள்தானே என்று தங்கள் சேவை மையத்தில் கேட்டார்கள். கட்டுமானச் சட்டங்களை வெட்டுபவருக்கு அது பொருட்டில்லாமல் இருக்கலாம். எங்கள் வேலை முடிந்த சுவரிலும் முடிந்த தரையிலும் நடப்பது. எங்களுக்குப் பிறகு பிழையை மறைக்க யாரும் வருவதில்லை. சுவரடியில் ஓடும் 150 மில்லிமீட்டர் உயர ஸ்கர்ட்டிங் பட்டையை நிறுத்திவைத்து வெட்டும்போது பிளேடு கால் டிகிரி சாய்ந்தால், கதவுச் சட்டத்தில் முட்டும் முனையில், கீழே ஒட்டி மேலே 0.65 மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும். வெள்ளைப் பூச்சு அடித்த பட்டையில் அது கறுப்புக் கோடாகத் தெரியும்.

கதவு நிலையைச் சுற்றி அடிக்கும் மோல்டிங்கில் விளைவு இன்னும் மோசம். கோணத் தகடு கால் டிகிரி நகர்ந்தால், இடப்பக்க 45 டிகிரி வெட்டு 45.25 ஆகவும் வலப்பக்க வெட்டு 44.75 ஆகவும் மாறும். இரண்டையும் கூட்டினால் 90 என்பதால் மூலைமட்டம் வைத்தால் மூலை சரியாகவே காட்டும். ஆனால் 100 மில்லிமீட்டர் அகலப் பட்டையில் இரண்டு வெட்டு முகங்களின் நீளத்துக்கும் 1.2 மில்லிமீட்டர் வேறுபாடு வந்துவிடும். பட்டையில் ஓடும் வரிகள் ஒன்றோடொன்று சேராமல் விலகி நிற்கும். தேய்த்தும் சரியாகாது, மக்கு வைத்தும் சரியாகாது. பட்டையை எறிந்துவிட்டுப் புதிதாக வெட்டுவதுதான் ஒரே வழி. அப்படி வீணான தேக்குப் பட்டைகளுக்கு வாடிக்கையாளரிடம் நான்தான் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

வேலை நடக்கும் இடத்திலேயே சரிசெய்துகொள்ளலாமே என்ற வாதத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கோணத் தகட்டின் பின்புறத் திருகாணிகளை எட்ட, ரம்பத்தை ஸ்டாண்டிலிருந்து கழற்றியாக வேண்டும். கழற்றிக் கல்மேசைமீது வைத்துச் சரிசெய்தால், திரும்பப் பூட்டும்போது முறுக்கிய பிராக்கெட் பிளேடைச் சாய்த்துவிடுகிறது. முறுக்கிய நிலையிலேயே, பிளேடைச் செங்குத்தில் நிறுத்தும் சாய்வு நிறுத்தத்தைச் சரிசெய்தால், அடுத்த முறை போல்டின் இறுக்கம் சற்று மாறினாலே அதுவும் மாறுகிறது. சில நொடிகளில் பூட்டித் திறக்கலாம், சக்கரத்தில் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியதும் வேலையைத் தொடங்கலாம் என்று தங்கள் விளம்பரம் சொல்லும் வசதிக்காகவே நான் இந்த ஸ்டாண்டைத் தேர்ந்தெடுத்தேன். அந்த வசதி எனக்குக் கிடைக்கவில்லை.

சேவை மையத்தின் சோதனை ஏன் பயனற்றுப் போனது என்பதும் இதிலிருந்தே விளங்கும். ரம்பத்தைத் தனியே மேசைமீது வைத்தால் அது சரியாகத்தான் இருக்கும். நானும் அதையே கண்டேன். கோணத் தகட்டையோ என்னிடம் கேட்காமலேயே சரிசெய்து இறுக்கிவிட்டு, பிறகு அளந்து, சரியாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். சரிசெய்வதற்கு முன் எவ்வளவு விலகியிருந்தது என்ற அளவு அவர்கள் தந்த தாளில் இல்லை. ஸ்டாண்டையும் கொண்டுவருகிறேன் என்று நான் சொன்னபோது, அது துணைப்பொருள், அதற்குத் தனி உத்தரவாதம் என்று மறுத்துவிட்டார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தும் என்று பெட்டியின்மீதே அச்சிட்டு விற்றுவிட்டு, பொருந்தவில்லை என்னும்போது இரண்டு தனிப் பொருள்களாகப் பிரித்துப் பேசுவது முறையாகாது.

ஆகவே, பிராக்கெட்டுகள் இரண்டையும் தளம் சரிபார்த்த புதியவற்றால் மாற்றித் தர வேண்டும். அது இயலாதென்றால் ஒவ்வொரு காலையும் தனித்தனியே உயர்த்தித் தாழ்த்தும் வகையில் அமைந்த பிராக்கெட்டுகளைத் தர வேண்டும். கோணத் தகட்டின் திருகாணிகளைத் தகுந்த வாஷரோடும் மரைப் பசையோடும் பொருத்தி, ஸ்லைடு குமிழை வழுக்காத அமைப்புக்கு மாற்றித் தர வேண்டும். இவற்றுக்கு என்னிடம் கட்டணம் எதுவும் பெறக் கூடாது. இவை இயலாதென்றால் ரம்பத்தையும் ஸ்டாண்டையும் ஒன்றாகத் திரும்பப் பெற்றுக்கொண்டு முழுத்தொகையையும் தர வேண்டும்; ஸ்டாண்டுக்கு மட்டும் தொகை தருவதை நான் ஏற்கமாட்டேன். போல்டை இறுக்கும் முன் நான்கு கால்களும் படிகின்றனவா என்று பார்க்கும் முறையைத் தங்கள் கையேட்டில் சேர்த்தால், என்னைப் போன்ற மற்றவர்களுக்கும் உதவியாக இருக்கும்.

மறு சோதனைக்கு ரம்பத்தை ஸ்டாண்டில் பூட்டிய நிலையிலேயே கொண்டுவருவேன். கோணத் தகட்டின்மீதும் பீடத்தின்மீதும் ஒரே நேர்கோடாகக் கீறி அடையாளம் வைத்திருக்கிறேன். பயணத்தில் தகடு நகர்ந்தால் கோடு விலகியிருக்கும். ரம்பத்தைக் கழற்றும் முன், எதையும் சரிசெய்யும் முன், தங்கள் பொறியாளர் என் முன்னிலையில் அளந்து, அந்த அளவுகளைத் தாளில் எழுதிக் கையொப்பமிட வேண்டும். அதற்கான நாளையும் நேரத்தையும் எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், உத்தரவாத அட்டை நகல், சேவை மையத்தின் அறிக்கை, படங்கள்.