டேப் சுற்றியது போதும், கௌரவ தவிசாளர் அவர்களே

எங்கள் பிரதேச சபையின் கௌரவ தவிசாளர் அவர்களுக்கும், செயலாளர் அவர்களுக்கும், சபையில் சண்டையிட்டுவிட்டுச் சிற்றுண்டி நேரத்தில் சமாதானமாகும் எல்லாக் கட்சி உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சபையின் மண் அள்ளும் பெக்கோ இயந்திரம் போன செவ்வாய்க்கிழமை ஏன் கிளம்பவில்லை என்பதை நான் சொல்லி நீங்கள் அறியவேண்டியதில்லை. எலி வயரைக் கடித்துவிட்டது. அதற்கு முந்தைய மழையிலும் எலிதான் கடித்தது. குப்பை மேட்டைத் தள்ளப் போகும்போது நடுவீதியில் நின்று பஸ்களை மறித்ததே, அதுவும் எலியின் கைங்கரியம்தான். ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் கறுப்பு டேப்பைச் சுற்றினார், என்ஜின் உறுமியது, 'திருத்தப்பட்டது' என்று பதிவேட்டில் எழுதப்பட்டது. இந்த முறை டேப்பும் கைவிட்டுவிட்டது.

நான் கேட்பது ஒன்றே ஒன்று. மே மாதம் தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்குவதற்கு முன் அந்த இயந்திரத்தின் வயரிங்கை முழுமையாகத் திருத்துங்கள். மறுபடியும் டேப் சுற்றாதீர்கள்.

அந்தச் செவ்வாய்க்கு முதல்நாள் பின்னேரம் பெய்த இடிமழையில், தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷனுக்குப் போகும் வீதியில், கோயிலுக்கு மேலே உள்ள வளைவில் மண் சரிந்தது. பெரிய சரிவு என்று சொல்லமாட்டேன். யாருக்கும் காயமில்லை, லய வீடு எதுவும் புதையவில்லை, ஆகவே பத்திரிகையிலும் வரவில்லை. ஒரு பெக்கோ வந்திருந்தால் இரண்டு மணித்தியாலத்தில் வழி திறந்திருக்கும். வரவில்லை. கொழுந்து லொறி சரிவுக்குக் கீழேயே நின்றுவிட்டது.

மேலே மலையில் பெண்கள் வழக்கம்போல் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். நிறுவைக்கு வந்தவர்கள் பாதையோரம் காத்திருந்தார்கள். பறித்த கொழுந்துக்குக் காத்திருக்கத் தெரியாது. சாக்கில் அமுக்கிக் கட்டிய இலை தன் சூட்டிலேயே வெந்து சிவந்துபோகும். சிவந்ததைத் தொழிற்சாலை எடுக்காது. அதனால் சாக்குகளை அவிழ்த்துப் படங்குகளில் பரப்பச் சொன்னார் கங்காணி. பரப்பி முடிப்பதற்குள் அன்றைய மழை வந்தது. பின்னேரம் நாலைந்து இளைஞர்கள் முழங்கால் புதையும் சேற்றில் சரிவைத் தாண்டி, ஒவ்வொரு சாக்காகத் தலையில் சுமந்துபோய் லொறியில் ஏற்றினார்கள். அதில் பாதியைத் தொழிற்சாலை வேண்டாம் என்றது. நிறை குறைந்துவிட்டது என்று பல பெண்களுக்கு அன்று அரைப் பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது.

அரைப் பேர் விழுந்த வீட்டில் எந்தக் கடைக் கடன் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போகும் என்று உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் அதே லயங்களில் பிறந்தவர்கள். நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாக வேண்டும் என்று நம் சனங்கள் வருடக்கணக்கில் வீதியில் நின்றார்கள். 2021 மார்ச்சில்தான் அது வர்த்தமானியில் வந்தது. அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாவதற்கு 2024 செப்டெம்பர் வரை பொறுக்கவேண்டியிருந்தது. இத்தனை பேச்சுவார்த்தையில் கிடைத்த கூலியில் பாதியை ஓர் எலி ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. மண் சரிந்தது கொழுந்து எடுத்தவளின் குற்றமா, அவள் கணக்கில் ஏன் நிறையைக் குறைத்தீர்கள் என்று தோட்டத்துத் துரையிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. அதை அவருக்குத் தனியாக எழுதுகிறேன்.

அன்று பகல் என்னை அழைத்தார்கள். நான் இந்தப் பக்கத்தில் பஸ், லொறி, பெக்கோ எல்லாவற்றுக்கும் வயரிங் வேலை செய்கிற பாஸ். சாரதி இருக்கைக்கு அருகில் இருந்த மூடியைக் கழற்றினேன். முதலில் கண்ணில் பட்டது கூடு: சாக்கு நார், இருக்கையின் பஞ்சு, லஞ்ச் சீட் துண்டுகள், காய்ந்த சோறு. அதற்கு அடியில் பழைய டேப், அதன்மேல் புது டேப், அதன்மேல் அதைவிடப் புதிய டேப். உரித்துப் பார்த்தால் செம்பையே காணவில்லை. பச்சைக் களிம்புதான் இருந்தது.

நம் ஊர்ப் பனியில் டேப்புக்கு நேர்வது இதுதான். என்ஜின் சூட்டில் அதன் பசை இளகி நழுவுகிறது. நழுவிய இடத்தால் ஈரம் புகுகிறது. புகுந்த ஈரம் நூல் நூலான செம்புக் கம்பிகளின் இடுக்கு வழியே உறைக்குள் வெகுதூரம் ஊர்ந்துபோகிறது. வெளியே வயர் பார்க்க நன்றாகவே இருக்கும். உள்ளே செம்பு அரித்து, மின்சாரம் போகும் வழி நாளுக்கு நாள் குறுகும். வெயில் நாளில் இயந்திரம் கிளம்பும். மழை நாளில், அதாவது நமக்கு அது தேவைப்படுகிற ஒரே நாளில், கிளம்பாது.

இன்னொன்றும் கண்டேன். என்ஜினின் கட்டுப்பாட்டுப் பெட்டியும் சாரதிக்கு முன்னால் உள்ள திரையும் இரண்டு மெல்லிய வயர்களின் வழியாகத்தான் செய்தி பரிமாறிக்கொள்கின்றன. அவை ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு ஓடுவது அழகுக்காக அல்ல. பக்கத்து வயர்களின் மின் இரைச்சல் செய்தியைக் குழப்பாமல் இருப்பதற்காக. பற்றரியைக் கழற்றிவிட்டு இரண்டுக்கும் இடையே மீற்றரை வைத்தால் ஏறத்தாழ 60 ஓம் காட்டவேண்டும். 120 காட்டினால் எங்கோ ஓரிடத்தில் தொடர்பு அறுந்திருக்கிறது. அன்று 120 காட்டியது. முன்பு திருத்தியவர் அந்த முறுக்கை நீளமாகப் பிரித்து, கையால் முடிச்சுப் போட்டு, வழக்கம்போல் டேப் சுற்றியிருந்தார். திரையில் எச்சரிக்கை விளக்குகள் கார்த்திகைத் தீபம்போல் வரிசையாக எரிந்ததில் வியப்பில்லை.

அவரையும் நான் குறை சொல்லமாட்டேன். கையில் டேப் மட்டும் கொடுத்தால் டேப்தான் சுற்றுவார்கள். முறையாகச் செய்வதென்றால், பளபளக்கும் செம்பு வரும்வரை வயரை வெட்டவேண்டும். அதே தடிப்பில் புது வயர் வைத்துக் குழல் இணைப்பால் நசுக்கிப் பொருத்தவேண்டும். உள்ளே பசை பூசிய, சூடுகாட்டினால் சுருங்கும் குழாயை அதன்மேல் போடவேண்டும். இணைப்புகள் எல்லாம் ஒரே இடத்தில் குவியாமல் முன்பின்னாக விலகியிருக்கவேண்டும். பிறகு நெளிகுழாய்க்குள் அடக்கி, புகைக்குழாயில் படாமல் கட்டவேண்டும். ஆனால் இந்த இயந்திரத்தில் ஒரே சாணுக்குள் அத்தனை வயர்கள் கடிபட்டிருக்கின்றன. அங்கே ஒட்டுப்போடுவதைவிட அந்தப் பகுதி ஹார்னஸை, அதாவது வயர்க் கட்டை, முழுதாக மாற்றுவதுதான் புத்தி. ஸ்டார்ட்டருக்குப் போகிற தடித்த வயரின் உறையிலும் பல் பட்டிருக்கிறது. அது இரும்பில் உரசினால் இயந்திரம் நிற்பதோடு முடியாது, தீப்பற்றும். உள்ளே ஒரு சாரதி இருப்பார்.

இவை அனைத்தையும் எழுதி, தேவையான பொருட்களின் பட்டியலோடு அன்றே அலுவலகத்தில் கொடுத்தேன். கிடைத்த பதில்: மூன்று விலைமனுக்கள் வேண்டும், பெறுகைக்குழு அடுத்த மாதம் கூடும். நல்லது. சட்டதிட்டம் இருக்கத்தான் வேண்டும். ஆனால் அன்று மாலையே தனியார் பெக்கோ ஒன்று வாடகைக்கு வந்து மண்ணை அள்ளியது. அதற்கு எத்தனை விலைமனுக்கள் பெற்றீர்கள், எந்தக் குழு எப்போது கூடியது என்று நான் கேட்கவில்லை. மணித்தியாலக் கணக்கில் கொடுக்கும் அந்த வாடகைகளைக் கூட்டிப் பார்த்தால் ஹார்னஸின் விலையை எப்போதோ தாண்டியிருக்குமே என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். இந்தச் சபையில் விலைமனு இல்லாமல், விடுமுறை இல்லாமல், மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லாமல் உழைப்பது எலிகள் மட்டும்தான்.

எலிமேல் எனக்குப் பகையில்லை. முன்பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும் பிராணி. எதையாவது கொறித்துத் தேய்க்காமல் அதனால் வாழமுடியாது. குளிர் இரவில் சூடு ஆறாத என்ஜின், காலடியில் புல் புதர், பக்கத்தில் குப்பை டிரெக்டர், உள்ளே மிச்சச் சோறு. வேறெங்கே போகும்? பழைய கூட்டின் சிறுநீர் வாடை இருக்கும்வரை ஒன்று போனால் இன்னொன்று வரும். ஆகவே ஹார்னஸ் மாற்றும்போதே உட்பக்கத்தைக் கழுவுங்கள், துளைகளைக் கம்பி வலையால் அடையுங்கள், குப்பை டிரெக்டரை வேறிடத்தில் நிறுத்துங்கள், இயந்திரத்தைச் சீமெந்துத் தரைக்கு மாற்றுங்கள். எலி மருந்து வைத்தோமே என்கிறீர்கள். வைத்தீர்கள், அது டேஷ்போர்டுக்குப் பின்னால் செத்து, இரண்டு வாரம் சாரதி மூக்கைப் பொத்திக்கொண்டு ஓட்டினார். பூனை வளர்க்கலாம் என்று ஓர் உறுப்பினர் சொன்னாராம். வளருங்கள், ஆனால் நியமனக் கடிதம் கொடுக்கும்போது எந்தக் கட்சிப் பூனை என்று தகராறு வரும்.

அந்தக் கூட்டை உங்கள் தொழிலாளர்கள் வெறுங்கையால் அள்ளி எறிந்ததையும் பார்த்தேன். எலிச் சிறுநீரால் வருவது எலிக்காய்ச்சல். 2008 இல் மட்டும் நாடு முழுவதும் 7,000 பேருக்கு மேல் அந்தச் சந்தேகத்தில் பதிவானார்கள். ஒரு சோடி கையுறைக்கும் மூன்று விலைமனுக்கள் வேண்டுமா?

எங்கள் அப்பாமார் காலத்தில் தோட்டத்து வீதிக்குச் சபையிடம் போனால், 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தைக் காட்டுவார்கள். தோட்டத்துக்குச் சபைப் பணத்தைச் செலவிட 33 ஆம் பிரிவு இடம் கொடுக்காது என்பார்கள். வரி வாக்கு எல்லாம் சபைக்கு, வீதி மட்டும் கொம்பனிக்கு. போராடிப் போராடி 2018 இல் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள். இனிமேல் தடையில்லை என்று வெடி கொளுத்தினோம். 2025 மே மாதம் வரிசையில் நின்று உங்களைத் தெரிவுசெய்தோம். அன்று சட்டம் தடுத்தது, இன்று எலி தடுக்கிறது.

அதுவும் எந்தக் காலத்தில்? மீரியபெத்தைத் தோட்டம் 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் மண்ணுக்குள் போனதை மறந்தவர் இங்கே யாருமில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி கண்டி, நுவரெலியா, பதுளை, மாத்தளை என்று மலைமலையாகச் சரித்துவிட்டுப் போனது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடுகிறது. சிவப்பு வந்தால் சனங்கள் எழும்பி ஓடவேண்டும். ஓடுவதற்கு வீதி வேண்டும். அந்த வீதியைத் திறக்க இந்தப் பிரதேசத்துக்கென்று உள்ள ஒரே இயந்திரம் உங்கள் கொட்டிலில் எலிக்குப் பிரசவ விடுதியாக நிற்கிறது.

கோபத்தில் பேச்சு எங்கோ போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். மீண்டும் பணிவாகவே கேட்கிறேன். பெறுகைக்குழுவை இந்த மாதமே கூட்டுங்கள். பெக்கோவின் வயரிங்கை மே மாதத்துக்கு முன் முழுமையாகத் திருத்துங்கள்.

வேலையை எனக்குத்தான் தரவேண்டும் என்றில்லை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். ஆனால் முடிந்தது என்று அவர் சொன்னதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். டேப் இல்லாத இணைப்புகளைக் கண்ணால் பாருங்கள், மீற்றரில் 60 வருகிறதா என்று காட்டச் சொல்லுங்கள், நல்ல மழை பெய்யும் ஒரு காலையில் தவிசாளர் அவர்களே ஒருமுறை வந்து சாவியைத் திருப்பச் சொல்லிப் பாருங்கள். பொருட்பட்டியலின் பிரதி செயலாளரிடம் இருக்கிறது. தொலைந்திருந்தால் இன்னொன்று தருகிறேன்.

பதிலை எழுத்தில் தாருங்கள். மேல் டிவிஷன் பெண்கள் எப்போது திருத்துவார்கள் என்று என்னிடம்தான் கேட்கிறார்கள்; உங்கள் கடிதத்தை நிறுவைக் கொட்டில் சுவரில் ஒட்டிவிடுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பிரதேசத்து வயரிங் பாஸ் ஒருவன்